பேர் வேண்டாம்

என்னைப் பாத்தா பொய் சொல்லுத ஆளு மாதிரி தெரியுதா சார்? சும்மா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். பையை மேல வெச்சிருங்களேன், மடியில எதுக்கு. இந்த மதுரை வண்டி கயத்தாறுல ஒரு நிமிஷம், கோவில்பட்டியில பத்து நிமிஷம் நிப்பான், அப்புறம் சாத்தூர்தான். நீங்களும் சாத்தூர்தானே? டிக்கெட் எடுக்கையில காதுல விழுந்துச்சு. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனேன்னு கண்டக்டர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க, அதுவும் விழுந்துச்சு.

உங்க நெத்தியில திருநீறைப் பாத்துட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். எங்க ஆளுக பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசினா, அது விடியுமுன்ன எட்டு சபைக்குப் போயிரும். இந்த வெள்ளை ஜிப்பாவைப் பாத்தே தெரிஞ்சிருக்கும், நான் பாஸ்டர். ஊழியத்துக்கு வந்து பத்தொம்பது வருஷம். திருநெல்வேலிக்குத் தெக்க ஒரு ஊரு. ஊர்ப் பேரு எதுக்கு சார், நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபைக் கூட்டம். மூணு மூப்பருங்க, சபைப் பெரியவங்கன்னு வெச்சுக்கோங்க, சேந்து ஒரு தாள் தயார் பண்ணி வெச்சிருக்காங்க, பாஸ்டர் மேடையை விட்டு இறங்கணும்னு. மூணு பேரையும் மூப்பரா வெச்சது யாரு? நான். எதுக்கு இறங்கணும்? களவாண்டேனா? குடிச்சேனா? பொம்பளை விவகாரமா? ஒண்ணும் கிடையாது. ஒரு துண்டுச் சீட்டு சார். உள்ளங்கை அகலம்கூட இருக்காது.

உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுதேன். எங்க மார்க்கத்துல விசுவாசம்னு ஒண்ணு, கிரியைன்னு ஒண்ணு. விசுவாசம்னா நம்புறது. கிரியைன்னா செய்யுறது. சில பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டுப் போய்ப் படுத்துக்குவான். சிலவன் ஜெபமே பண்ண மாட்டான், ரத்த தான முகாம், தையல் மெஷின்னு அலைவான். நான் ரெண்டையும் சமமா வெச்சவன். மேடையில அடிக்கடி சொல்லுவேன், ஒத்தக் கால்ல கொக்குதான் நிக்கும், மனுஷனுக்கு ரெண்டு காலு வேணும்னு. சனங்க சிரிக்கும். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

சபைக்குப் பின்னால ஒரு தகரப் பெட்டி, உண்டியல் மாதிரி. அதுல காசு போட மாட்டாங்க, ஜெபக்குறிப்பு போடுவாங்க. அவங்கவங்க கஷ்டத்தைச் சீட்டுல எழுதிப் போட்டா, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல நான் எடுத்து வாசிப்பேன், எல்லாருமாச் சேந்து ஜெபிப்போம். மகனுக்குத் துபாய் விசா, மாடு சினை பிடிக்கல, மருமக தனிக்குடித்தனம் கேக்கா, எல்லாம் வரும். அந்தப் பெட்டியைச் செஞ்சு குடுத்தது துரைசிங். எங்க சபை ஆளுதான், கிரில் பட்டறை வெச்சிருக்கான். அருமையான மனுஷன் சார். சபை வாசலுக்கு இரும்பு கேட்டு, ஜன்னல் கம்பி, எல்லாம் அவன் கைவேலை. ஆராதனையில டிரம்ஸ் பேடு வாசிப்பான். இந்த வருஷம் சபைக்குப் புதுக்கூரை போட ஆரம்பிச்சதும் அவன்தான், கூலி வேண்டாம் ஐயா, தகரம் மட்டும் வாங்கித் தாங்கன்னுட்டான். கிரியையுள்ள மனுஷன்னா அவன்தான்.

அவன் பொண்டாட்டி ஹெப்சிபா. ஓய்வுநாள் பள்ளி டீச்சர். வாசல்ல ஒரு கரும்பலகை உண்டு, வாராவாரம் அதுல ஒரு வசனம் எழுதிப்போடுவா. கையெழுத்துன்னா அது கையெழுத்து. ரோட்டுல பஸ்ஸுல போறவன் திரும்பிப் பாப்பான். அவ ழகரம் போடுற அழகே தனி, வாலை இழுத்து அடுத்த எழுத்துக்கு அடியில கொண்டுபோய் விடுவா. அந்த மாதிரி ழகரம் எங்க ஊர்ல வேற யாருக்கும் கிடையாது.

வெள்ளரிப்பிஞ்சா? வேண்டாம்ப்பா. உங்களுக்கு வேணுமா சார்? சரி.

போன பங்குனியில ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைத் தொறக்கேன். ஒரு சீட்டு. மனப்பாடமாச் சொல்லுதேன்: ‘என் வீட்டுக்காரர் என்னை அடிக்கிறார். நான் அழுவது பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுகிறேன். பேர் வேண்டாம். ஜெபித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.’ அவ்வளவுதான். எழுதினவ பேரு இல்ல. ஆனா பாருங்க, அழுவது, அழுகிறேன், கிழித்து. மூணு எடத்துல ழகரம். மூணுக்கும் வால் போய் அடுத்த எழுத்துக்கு அடியில நிக்கி.

இப்ப நீங்க என் எடத்துல இருந்து பாக்கணும். எங்க தெருவுக்கு எதுத்தாப்புல அப்பதான் ஒரு சின்னப்பய புது சபை ஆரம்பிச்சிருந்தான். மீசைகூடச் சரியா வரல, தீர்க்கதரிசின்னு போர்டு. கண்ணை மூடிக்கிட்டு, ‘ரெண்டாவது வரிசையில சங்கீதான்னு ஒரு சகோதரி, உன் முதுகுவலியைக் கர்த்தர் பாத்தார்’ம்பான். ஆதார் நம்பர் வரைக்கும் சொல்லுதான்னு பேச்சு. ஒரே மாசத்துல என் சபையில முப்பது நாற்காலி காலி. பத்தொம்பது வருஷம் வேர்வை சிந்தி வளத்த ஆடுக சார். வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை தெரிஞ்சா ஓடிருது.

அன்னைக்கு நான் சீட்டை வாசிக்கல. மடிச்சு வேதப் புத்தகத்துக்குள்ள வெச்சேன். கண்ணை மூடினேன். ‘ஆவியானவர் ஒரு சகோதரியை எனக்குக் காட்டுறார். அவ வீட்டுல கண்ணீர். கட்டினவன் கையால அடி. வாயில துணி வெச்சு அழுறா. மகளே, ஹெப்சிபா, கர்த்தர் உன்னைப் பாத்தார்’னேன்.

சார், கூரை பேந்து போற மாதிரி அல்லேலூயா. பொம்பளைக தரையில விழுந்து கதறுதாவ. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. டிரம்ஸ் சத்தம் மட்டும் நின்னுபோச்சு. நான் கண்ணைத் தொறக்காமலே, ‘வாசிங்க பிரதர்’னேன். வாசிச்சான். நல்லாவே வாசிச்சான். அப்புறம் குச்சியைக் கீழ போட்டுட்டு ஓடிவந்து என் கால்ல குப்புற விழுந்தான். ‘தேவன் பாத்துட்டாரே, தேவன் பாத்துட்டாரே’ன்னு மாரடிச்சு அழுதான். அவ்வளவு பெரிய ஆம்பளை.

அவளா? அவ அழல. மூணாவது வரிசையில முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுத்திக்கிட்டு தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. சில பேருக்கு உணர்ச்சியே இருக்காது சார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலி பத்தல. எதுத்த சபைக்குப் போன முப்பதும் திரும்பி வந்துட்டு, கூட பதினஞ்சையும் கூட்டிக்கிட்டு.

துரைசிங் அந்த வாரம் பூரா நடுங்கிப்போய்த் திரிஞ்சான். நான் பொய் சொல்லல, கூரை மேல நின்னு வெல்டிங் பண்ணும்போதுகூட வானத்தைப் பாத்துப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுவான். அவ மேல விரல் படல. அவளே சொன்னா பிற்பாடு. ஆனா அவளைப் பாக்க சபைப் பொம்பளைக வரிசையா வீட்டுக்குப் போயிருக்காவ. எங்க அடிச்சான், எதால அடிச்சான், காட்டு தாயீ, எண்ணெய் போட்டு ஜெபிக்கோம்னு. அன்புலதான் போனாவ. இவளுக்குத் தாங்கல. திங்கக்கிழமை ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு சாத்தூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. கூத்தைப் பாருங்க, பன்னெண்டு வருஷம் அடி வாங்கிட்டு இருந்தவ, பத்து நாள் ஜெபிச்சதும் ஓடிட்டா.

கரும்பலகையில பழைய வசனம் அப்படியே கெடக்கு. பாக்கப் பாக்க எனக்கு எரிச்சல். கூரை வேலையும் நின்னுபோச்சு, அவனுக்குக் கை ஓடலங்கான்.

எங்க வீட்டம்மா, பேரு சுகிர்தா, வேதப் புத்தகத்துல அந்தச் சீட்டைப் பாத்துட்டா. கையில பிடிச்சுக்கிட்டு வந்து அடுப்படியில நிக்கா. ‘ஆவியானவர் காட்டினாருன்னு சொன்னீங்க. ஆவியானவர் பேப்பர்ல எழுதியா அனுப்பினாரு?’ன்னு கேட்டா. வேதத்துல ஒரு கழுதையையே பேச வெச்ச கர்த்தருக்கு ஒரு பேப்பரை உபயோகப்படுத்தத் தெரியாதாட்டின்னேன். ‘பேர் வேண்டாம்னுல்லா எழுதியிருக்கு’ன்னா. அது அவளுடைய அவிசுவாசம், நான் அதைத் தாண்டி வந்தவன்னேன். ‘கிழிக்கவாவது செஞ்சீங்களா?’ன்னா. சாம்பார் கருகுது, போய்ப் பாருன்னேன். அன்னைக்கிலிருந்து அவ என்கிட்ட சோறு வேணுமா, வேண்டாமான்னு மட்டும்தான் கேக்கா. ஊழியக்காரன் பாடு யாருக்குத் தெரியும்.

கோவில்பட்டி வந்துட்டு. எறங்கி டீ குடிக்கீங்களா? வேண்டாமா? நானும் எறங்கல, எடம் போயிரும்.

அப்ப நான் என்ன செய்தேன்? இன்னொருத்தனா இருந்தா ஜெபிச்சாச்சு, இனி கர்த்தர் பாத்துக்குவாருன்னு விட்டிருப்பான். நான் காரைப் பிடிச்சேன். துரைசிங்கைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு நேரா சாத்தூர். இதான் சார் கிரியைங்கிறது. அவ அண்ணன் ஏசுவடியான்னு ஒரு முரடன், அட்டைப்பெட்டிக் கம்பெனியில வேலை. வாசல்லயே மறிச்சான். ‘உள்ள வரப்படாது. எங்கூடப் பிறந்தவளைச் சந்தி சிரிக்க வெச்சுட்டு இப்ப என்னத்துக்கு வந்தீரு?’ன்னு கேக்கான், ஒரு பாஸ்டரைப் பாத்து. நான் பொறுத்துக்கிட்டேன். துரைசிங்கை வாசல்ல முட்டங்கால் போட வெச்சு, வேதப் புத்தகத்து மேல கையை வைக்கச் சொல்லி, இனி தொட மாட்டேன்னு சத்தியம் வாங்கினேன். அழுதுக்கிட்டே பண்ணினான்.

அவ கதவுக்குப் பின்னால நின்னா. துரைசிங்கைப் பாக்கவே இல்ல. என்னைத்தான் பாத்தா. ‘ஐயா, இவரு சத்தியம் எனக்கு வேண்டாம், இது பத்தாவது. நீங்க சொல்லுங்க. இனி இவரு அடிக்க மாட்டாருன்னு நீங்க விசுவாசிக்கீங்களா?’ன்னு கேட்டா.

விசுவாசிக்கேன்னேன். வேற என்ன சார் சொல்லுவாங்க?

‘அப்ப வாறேன்’னு சொல்லி உள்ள போயி பையை எடுத்துட்டு வந்துட்டா. அண்ணன்காரன் கத்துதான், ‘ஏளா போகாதே, போகாதே’ன்னு. திரும்பிப் பாக்கலியே. வழியில நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், ‘ஞாயித்துக்கிழமை பலகையில வசனம் எழுதிருவேல்லா?’ன்னு. எழுதினா. பழையபடி அழகா எழுதினா.

மூணு வாரம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கூரை பாதிக்கு மேல ஏறிட்டு. ஒரு நாள் துரைசிங் ஏணியை விட்டு இறங்கி வந்து, கையைத் துடைச்சுக்கிட்டே, ‘ஐயா, ஒரு சந்தேகம்’னான். ‘வாயில துணி வெச்சு அழுதது வரைக்கும் தெரிஞ்சிருக்கே. அவ உங்ககிட்ட தனியா வந்து பேசுவாளோ?’

சார், புரியுதா அவன் எங்க வாறான்னு? தனியா! ஊழியக்காரனுக்குப் பேருதான் சார் சொத்து. பேரு போனா எல்லாம் போச்சு. என்னை விடுங்க, அந்தப் பொண்ணு பேரு என்னாகும்? அதையும் யோசிச்சேன். அதனால உள்ளதை உள்ளபடி சொன்னேன். ‘சீச்சீ, அவ என்கிட்ட வந்ததே கிடையாதுப்பா. சீட்டு எழுதிப் போட்டா. கையெழுத்தை வெச்சு நான்தான் கண்டுபிடிச்சேன்’னேன்.

‘எதுல போட்டா?’ன்னான்.

‘நீ செஞ்சு குடுத்தியேப்பா, அந்தப் பெட்டியிலதான்.’

பெட்டியைத் திரும்பிப் பாத்தான். ‘அப்ப தேவன் பாக்கலையா?’ன்னு கேட்டான். எல்லாத்தையும் தேவன்தானப்பா நடத்துறாருன்னேன். சிரிச்சான் சார். ஒரு மாசமா வானத்தைப் பாத்து நடுங்கிட்டிருந்தவன், தலையை ஆட்டி ஆட்டிச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே போனான். எனக்கு மனசு லேசாப் போச்சு. ஒரு ஆத்துமாவோட பாரத்தை இறக்கி வெச்சோம்னு அன்னைக்கு ரெட்டைக் காணிக்கை போட்டேன்.

மறுநாள் மத்தியானம் பட்டறைக்குச் சோறு கொண்டுபோயிருக்கா. பட்டறையில இரும்பைக் கவ்விப் பிடிக்க வைஸ்னு ஒண்ணு இருக்கும்லா, கைப்பிடியைச் சுத்தச் சுத்த இறுகும். அதுக்குள்ள அவ வலது கையை வெச்சு, ‘எழுதின கை இதுதானே’ன்னு சுத்தியிருக்கான். பக்கத்து டயர் கடைக்காரன் ஓடிவந்து எடுத்துவிட்டிருக்கான். அவ சத்தமே போடலியாம் சார். சத்தம் போட்டிருந்தா முன்னாடியே வந்திருப்பேன்னு டயர் கடைக்காரன் சொல்லுதான். அதையும் சொல்லணும்லா, அவ மேலயும் தப்பு இருக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு ஆபரேஷன். கை போச்சுன்னு சொல்ல முடியாது. இருக்கு. மடங்காது, அவ்வளவுதான். துரைசிங்கைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. நான் போய்ப் பாத்தேன், ஜெபிச்சேன், பிஸ்கட் வாங்கிக் குடுத்தேன். கூரைதான் சார் பாதியில நிக்கி. ஐப்பசி மழை வந்தா மேடை நனையும். வேற ஆளை விட்டா சதுர அடிக்கு வாயில வந்ததைக் கேக்கான்.

ஏன் சார் அப்படிப் பாக்கீங்க? ஜன்னலை வேணும்னா இறக்கிவிடட்டுமா?

அந்த ஏசுவடியான் சும்மா இருந்தானா? எங்க மூப்பருங்க வீட்டுக்கெல்லாம் போயி சீட்டு விவகாரத்தைச் சொல்லிட்டான். என் வீட்டம்மாகிட்ட மூப்பர் ஞானதுரை கேட்டிருக்காரு, உள்ளதுதானான்னு. ஆமான்னுட்டா. கூடப் படுத்தவளே ஆமான்னா நான் எங்க போக? ஞானதுரை வந்து முகத்துக்கு நேரா கேக்காரு, ‘விசுவாசம் ஒரு காலு, கிரியை ஒரு காலுன்னீங்களே பாஸ்டர், ரெண்டு காலையும் அந்தப் பிள்ளை மேலயா வெச்சீங்க?’ன்னு. ஒரு கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷன் சார், நான் கைபிடிச்சு எழுதப் பழக்கினேன். அவரு பேசுதாரு.

அதான் இன்னைக்குக் கெளம்பிட்டேன். ஹெப்சிபா இப்ப அண்ணன் வீட்டுலதான் இருக்கா. ஒரு தாள் டைப் அடிச்சு வெச்சிருக்கேன், நாலே வரி. ‘என் பேரை என் சம்மதத்தின் பேரில்தான் பாஸ்டர் தேவசித்தம் அவர்கள் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு மனஸ்தாபம் ஏதும் இல்லை.’ இவ்வளவுதான். அவ தருவா சார். என் விசுவாசத்தை நம்பி வந்தவ, இதுக்கு மாட்டேன்னு சொல்லுவாளா? அவளும் ஒரு விசுவாசிதானே, மன்னிக்கணும்லா. மன்னிக்காட்டி அவளுக்குத்தான் ஆத்தும நஷ்டம். அதையும் பக்குவமா எடுத்துச் சொல்லுவேன்.

கையெழுத்துப் போட முடியாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காராம். அதனால என்ன, மை டப்பா கொண்டு வந்திருக்கேன். ரேகைன்னா இடது கைப் பெருவிரல்தானே சார் வைப்பாங்க? நீங்க படிச்சவங்க, தெரியும். அந்தக் கைக்கு ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கு. எவ்வளவு நொறுங்கினாலும் தேவைக்கு ஒண்ணைக் கர்த்தர் மிச்சம் வெச்சிருக்காரு பாருங்க.

ஒண்ணே ஒண்ணுதான் குறை. ரேகை வெச்சா பக்கத்துல ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். எங்க ஆளுக போட்டா ஒருதலைப்பட்சம்பான். நீங்க வேற மதம், ரிட்டையர்டு வாத்தியாரு, சாத்தூருக்காரரு. உங்க கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. வெளியாள் கூட நின்னா அந்த முரடனும் கைநீட்ட மாட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மூணாவது தெரு, பத்து நிமிஷம்கூட ஆகாது. அதுக்குத்தான் முழுசும் ஒளிவு மறைவு இல்லாம உங்ககிட்ட சொன்னேன்.

சார், சாத்தூர் வந்துட்டு. எந்திரிங்க. எல்லாரும் எறங்குதாங்க பாருங்க.

சார், நீங்க சாத்தூருக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? என்ன சார், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டீங்க? வண்டியை எடுத்துருவான். ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க, என் மூஞ்சியைப் பாருங்களேன்.

சரி, இருங்க. மதுரைக்கே போங்க. இந்த நாட்டுல இதான் சார் குறை. கதை கேக்கச் சொன்னா ஆயிரம் பேரு வருவான். ஒரு கிரியைன்னு வரும்போது ஒருத்தன் எந்திரிக்க மாட்டேங்கான்.